வீட்டுப் பெரட்டு

(புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றின் வாசிகசாலையில் நடந்த முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் பேசியது.)

மேடையில் இருக்கிற பெரியவர்களே, பாயில் இருக்கிற தாய்மாரே, வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர வெட்கப்படுகிற பொடியன்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை இமயம் என்றார்கள், சிங்கம் என்றார்கள். அவர் இருந்து கேட்டிருந்தால் மெல்ல எழுந்து வெளியே போய் ஒரு வெற்றிலை போட்டிருப்பார். ஐந்தடி மூன்றங்குல மனிதர். இமயம் என்றால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். நமக்கெல்லாம் அவர் 'பட்டாளத்தார்'. சொந்தப் பெயர் என்னவென்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் தெரியும். அந்தப் பெயரில்தான் அவருடைய கதையே கிடக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் பட்டாளம். அவர் பிறந்தது 1922. பட்டாளத்தில் சேர்ந்தது 1942. அந்த ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலையிலும் போட்டன. மலாயா ஏற்கெனவே விழுந்துவிட்டதால் நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்கிற பெரிய இடமாக நம் நாடு மாறியிருந்தது. பர்மாவும் போனதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. இன்றைக்கு நம் வீட்டில் ரொட்டி இல்லாத காலை இல்லையே, அது யுத்தம் நமக்குத் தந்த சாப்பாடு.

இருபது வயதுப் பையன் கம்பளைக்கு நடந்துபோய்ப் பெயர் கொடுத்தான். ஏன் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ராஜாவைக் காப்பாற்றவா, ஜப்பான்காரனை விரட்டவா? "காலுக்குச் சப்பாத்து குடுக்குறானுங்கன்னு சொன்னாங்கடா" என்றார். அட்டைக் கடியிலும் சேற்றிலும் வெறுங்காலோடு மலையேறிய ஒருவனுக்கு அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

எந்தப் படைப்பிரிவு என்று கேட்டால் 'லாரிப் பட்டாளம்' என்பார், அதற்கு மேல் போகமாட்டார். முதலில் லாரி கழுவினார், பிறகு ஓட்டக் கற்றார். திருகோணமலையில் ஏற்றி, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குக் கொண்டுவந்து இறக்குவது வேலை. 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று காதலர்கள் குடை பிடித்துக்கொண்டு உட்காருகிற அதே பூந்தோட்டந்தான். அங்கே மா மூட்டையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் இறக்கிய கைகளில் இவருடைய கையும் ஒன்று. சமையல்காரர்களுக்குக் கைகொடுத்து அதையும் கற்றுக்கொண்டார். எதிரியை நோக்கி ஒரு தோட்டாவும் விட்டதில்லை. "யுத்தத்துல நான் சுட்டது ரொட்டி மட்டுந்தான்" என்று அவரே சொல்வார்.

இதைச் சொல்லும்போது யாரும் அவரைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. பட்டாளம் சோற்றில்தான் நடக்கிறது. ஆனால் அவர் துப்பாக்கி தூக்கிய வீரர் என்று நாமே கதை கட்டவும் வேண்டாம். அதற்கு அவரும் இடம் கொடுத்ததில்லை.

1946-இல் விட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு சிறு புத்தகம், ஒரு மெடல், ஒரு கம்பளிக் கோட்டு. லாரி ஓட்டுகிற வேலை கேட்டார். கிடைக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கையில் மண் கிளறுகிற முள்ளைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். மறுவருஷம் கல்யாணம்.

அதே 1947-இல் தேர்தல் வந்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம். நம்மவர் புது வேட்டி கட்டிக்கொண்டு போய் வோட்டுப் போட்டார். அடுத்த வோட்டைப் போட அவருக்கு 40 வருஷத்துக்கு மேல் ஆனது.

பொடியன்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள், உங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். 1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர் என்று நம்மை வெளியே நிறுத்தியது. 1949-ஆம் ஆண்டு 3-ஆம் இலக்கச் சட்டம், வேண்டுமானால் மனுப் போட்டுப் பார் என்றது. 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணமானவன் என்றால் 7 வருஷம், ஆகாதவன் என்றால் 10 வருஷம், இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். "கொஞ்சம் முந்திக் கல்யாணம் கட்டியிருந்தா மூணு வருஷம் லாபம்" என்று தன் பெண்சாதியை, அதுதான் நம் பாட்டியை, பார்த்துச் சொல்வார். பாட்டி, "அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு, போங்க" என்பார்.

சட்டம் கேட்டது இந்த நாட்டில் இருந்ததை. கைவசம் இருந்த சாட்சியோ வேலைக்கு வந்த ஆட்களைப் பதிகிற தோட்டத்துச் செக்ரோல். அந்தச் செக்ரோலில் 1942-இலிருந்து 1946 வரை இவர் பெயர் இல்லை. இருக்காதுதானே, அவர் லாரியில் இருந்தார்! சரி, பட்டாளத்துப் புத்தகத்தைக் காட்டினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக் கொண்டுபோனார். அங்கேதான் பெயர் வந்து குறுக்கே நின்றது. கம்பளையில் பெயர் எழுதியவர் அவசரத்தில் இவருடைய அப்பா பெயரை இவர் பெயராக எழுதிவிட்டார். நாலு வருஷம் அப்பா பெயருக்குத்தான் "யெஸ் சார்" சொல்லியிருக்கிறார். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், செக்ரோலில் இருக்கிற ஆளும் புத்தகத்தில் இருக்கிற ஆளும் ஒருவர்தான் என்று நிரூபி என்றார். நிரூபிக்க யாரைக் கூட்டிப் போவது? லாரிப் பட்டாளம் நாலு திசைக்கும் போய்விட்டது.

மனு தள்ளப்பட்டது. ராஜாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்த மனிதர் எந்த நாட்டுக்காரர் என்று எந்த நாட்டுக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது. அவருக்குக் கசக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். ராஜா படம் போட்ட பழைய காலண்டர் ஒன்று அவர் காம்பராவில், அதாவது அவர் குடியிருந்த அறையில், தொங்கும். நான் வாலிபனான பிறகு அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "படந்தானேடா, சோறா கேக்குது" என்றுவிட்டார்.

சூரியமல் கதையைக்கூட அவருக்குச் சொன்னேன். நவம்பர் 11-இல் வெள்ளைக்காரன் விற்ற பொப்பிப் பூவின் காசு பெரும்பாலும் பிரித்தானிய வீரர்களுக்கே போகிறது, இந்த நாட்டு வீரர்களுக்கு வருவது கொஞ்சம் என்று கோபப்பட்டு, 1931-இல் இங்கிருந்த முன்னாள் படைவீரர்களே சூரியமல் விற்கத் தொடங்கினார்கள். சூரியமல் என்றால் நம் பூவரசம்பூ. பிறகு இடதுசாரி இளைஞர்கள் அதை ஒரு இயக்கமாகவே ஆக்கினார்கள், 1934-35 மலேரியாவில் ஊர் ஊராகப் போய் வேலை செய்தார்கள். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி, நீங்கள் எந்தப் பூ என்று கேட்டேன். "சட்டையில ரெண்டு பக்கம் இருக்குல்ல" என்றார். இன்றைக்கு அவர் படத்துக்குப் பூவரசம்பூ வைக்க ஆசைப்பட்டேன். இந்தக் குளிருக்கு அந்த மரம் எங்கே! கண்டியில் சொல்லிவைத்து வாங்கி வந்தது, வழியிலேயே வாடிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். அவரைப் பட்டாளத்தார் என்கிறோம், ஆனால் பட்டாளத்தில் இருந்தது நாலு வருஷம். பாட்டிக்குப் புருஷனாக இருந்தது 54 வருஷம்.

தோட்டத்தில் ஆம்பிளைக்கு வேலை மதியத்தோடு முடிந்துவிடும். பொம்பிளை கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்து மணியாகும். நடுவில் இருக்கிற அந்த மூன்று மணி நேரத்தை ஆம்பிளைகள் என்ன செய்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இங்கே இருக்கிற தாய்மாருக்குத் தெரியும். இவர் நேரே, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போவார். சின்னதைத் தூக்கிக்கொண்டு, விறகு பொறுக்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து வைத்திருப்பார். பாட்டி கூடையை இறக்கிவைக்கிற நேரத்துக்குச் சரியாக வாசல் இஸ்தோப்பில் சுடுதேத்தண்ணி இருக்கும். லயமே, அந்த வரிசை வீடுகள் அத்தனையும், சிரித்தது. பொண்டாட்டிக்குப் பெரட்டுப் பிடிக்கிறான் என்றார்கள். மகள்மாருக்குத் தலைவாரி ரெட்டைப் பின்னல் போடுவதைப் பார்க்கக் கூட்டமே கூடும்.

ஒருநாள் ரிப்பன் இல்லை. மெடலில் இருந்த துணியைக் கழற்றி மூத்த மகளின் பின்னலில் கட்டி அனுப்பிவிட்டார். சிவப்பும் நீலமும் வெள்ளையும் கலந்த பட்டை. அந்தத் தோட்டப் பள்ளியில் யுத்த மெடல் ரிப்பனோடு 'அ' எழுதிய ஒரே பிள்ளை எங்கள் அக்காதான். அதோ சிரிக்கிறார். ரிப்பன் எங்கே அக்கா? பீலியில் போய்விட்டதாம். சரி.

அப்புறம் வீட்டுப் பெரட்டு. 'பரேட்' என்ற பட்டாளத்துச் சொல்தான் நம் வாயில் பெரட்டு ஆனது. அது தெரிந்தோ தெரியாமலோ, காலையில் வேலைக்கு ஆள் கூட்டி எண்ணுகிற தோட்டத்துப் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் விடியற்காலையிலே அவர் தன் இஸ்தோப்பில் ஒரு பெரட்டு வைப்பார். ஆறு பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டும். "ஒண்ணு?" "இருக்கேன்." "ரெண்டு?" "இருக்கேன்." நகம், பல், காதுக்குப் பின்னால் அழுக்கு, எல்லாம் பார்ப்பார்.

பக்கத்துக் காம்பரா எங்களுடையது. எனக்கு ஐந்து வயதில் அப்பா போய்விட்டார். அம்மா இருட்டோடு மலைக்குப் போனால் நான் இஸ்தோப்புத் தூணைக் கட்டிக்கொண்டு இந்தப் பெரட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஆறு முடிந்ததும் என் பக்கம் திரும்பாமலே "ஏழு?" என்றார். யாரும் பேசவில்லை. மறுபடியும் "ஏழு?" மூன்றாம் நம்பர் அண்ணன் என்னைப் பிடித்துத் தள்ளினான். "இருக்கேன்" என்றேன். அன்றிலிருந்து என் காதுக்குப் பின்னாலும் அழுக்குப் பார்த்தார். நான் இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்து அதிபர். அதில் அவர் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட என்னால் முடியாது, அந்தப் பேச்சை விடுகிறேன்.

மூத்த அக்கா கல்யாணமாகிப் பூண்டுலோயாவுக்குப் போனார். மறுநாள் பெரட்டில், "ஒண்ணு?" என்றார் வழக்கம்போல. நாங்கள் விழித்தோம். அவரே, "பூண்டுலோயாவுல டியூட்டி" என்று பதில் சொல்லிக்கொண்டு "ரெண்டு?" என்றார். அவருடைய கணக்கில் யாரும் செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டதில்லை.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்து, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு ஆடு பங்கு போடும்போதுகூட ஈரல் யாருக்கென்று ஆட்டுக்காரனைக் கேட்பார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. இவர் இலங்கைக்கு மனுப் போட்டார். தம்பி இந்தியாவுக்குப் போட்டார். தம்பி பெண்சாதியின் சொந்தமெல்லாம் அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரே லயத்தில் முதுகோடு முதுகாக இருந்த இரண்டு காம்பராக்கள், நடுவில் ஒரு மண்சுவர்.

1972-இல் தம்பி போனார். எனக்குப் பத்து வயது, கம்பளை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். தலைமன்னாருக்குப் போகிற கோச்சி. அந்தக் கோச்சிகளில் எழுந்த அழுகையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவர் அழவில்லை. ஜன்னல் ஜன்னலாக ஓடி தம்பி பிள்ளைகளுக்கு நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு எட்டு, பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து, பதினொன்று. இந்த ஆளுக்குக் கிறுக்கா என்று கோச்சியில் இருந்த ஒருவர் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தம்பி குடும்பம் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி என்று போய்ச் சேர்ந்தது. இங்கே இருந்தவரை இந்தியாக்காரன், அங்கே போனதும் சிலோன்காரன். மறுநாள் பெரட்டில் "எட்டு?" என்று கேட்டு, "கோத்தகிரியில டியூட்டி" என்று தானே சொல்ல முயன்றார். ஊர்ப் பெயரே வாயில் வரவில்லை. பிறகு பழகிவிட்டது.

1974. வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மா இல்லை, அரிசி இல்லை. தோட்டங்களில் ஆட்கள் பசியில் செத்தார்கள், பாக்கி ஆட்கள் கண்டித் தெருவில் கையேந்தினார்கள். பட்டாளத்துக் கோட்டு என்று ஒன்று சொன்னேனே, அதுதான் எங்களுக்குப் போர்வை. நாலு பேர் படுத்தாலும் மூடும். வாடைக்காலத்தில் என்னையும் அதற்குள் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நனைந்த நாய் வாசம் அடிக்கும், ஆனாலும் அப்படி ஒரு சூடு! அந்தக் கோட்டு டவுனில் ஏழு இறாத்தல் மாவுக்குப் போனது. அதில் ஒரு இறாத்தல் எங்கள் காம்பராவுக்கு வந்தது. மறுநாள் விடியலில் மட்டும் பெரட்டு இல்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது மூன்று இரவுகள் தேயிலைச் செடிக்குள் படுத்தோம். சத்தம் போடக் கூடாது. இருட்டில் ஊர்ந்து வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். என் தலையில் கை வைத்து மெல்ல இரண்டு தட்டு. அதுதான் "ஏழு". நான் அவர் கையைத் திருப்பித் தட்டினேன்.

அவரிடம் குறையே இல்லையா? இருந்தது. இரண்டாம் நம்பர் மகன் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபோது பெல்ட்டால் அடித்தார், அதற்குப் பிறகு ஆறு வருஷம் அப்பனும் மகனும் பேசவில்லை. ஆனால் அந்த ஆறு வருஷமும் "ரெண்டு? கொழும்புல டியூட்டி" என்பது நின்றதில்லை. அதைக் கடைசி வரை மகனிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணன் அந்தக் கதிரையில்தான் இருக்கிறார், இப்போது சொல்லிவிட்டேன்.

1988-இல் நாடற்றவர்களுக்கான சட்டம் வந்த பிறகு அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. வயது 66. வாங்கிப் பார்த்து முதலில் கேட்டது, "பேரு சரியா எழுதியிருக்கானா, படிச்சுச் சொல்லுடா" என்றுதான். சரியாக இருந்தது.

பாட்டி போன பிறகு ஒருமுறை, கண்டியில் இருக்கிற யுத்த மயானத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். புல்லை ஒட்ட வெட்டி, வெள்ளைக் கற்கள் வரிசை பிசகாமல் நிற்கிற இடம். பிரித்தானியர், இந்தியர், நம் நாட்டவர், கிழக்கு ஆப்பிரிக்கர். கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிவு ஒன்று பர்மாவுக்குப் போவதற்கு முன்னால் இங்கேதான் பயிற்சி எடுத்தது. அந்தக் கற்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "சோளம் சுட்டுத் தருவானுங்க. இவனுங்களுக்கு வீட்டுல யாரு படையல் போடுவா?" என்றார். பிறகு விரலை நீட்டி அந்த வரிசையை எண்ணத் தொடங்கினார். எனக்குத் தெரியும், வாய்க்குள் என்ன சொல்கிறார் என்று.

படுக்கையில் விழுந்தபோது வயது 96. ஆள் அடையாளம் போய்விட்டது, நம்பர் போகவில்லை. நான் கிட்டப் போய் உட்கார்ந்தால் என் பெயரைச் சொல்லமாட்டார், "ஏழு" என்பார். தம்பி கோத்தகிரியில் எப்போதோ இறந்துவிட்டார், ராமேஸ்வரத்துக்குப் போகிற அந்தக் கப்பலும் 1984-க்குப் பிறகு ஓடவில்லை, அண்ணன் தம்பி இரண்டு பேரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. அந்தச் செய்தியை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த மேசையில் ஒரு போன் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்து, வாத்தியார் பேச்சை ரெக்கோர்ட் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. கோத்தகிரியில் தம்பியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிக்னல் இருக்கிறதா தம்பி? கொஞ்சம் தூக்கிப் பிடி. மைக்குக் கிட்டக் கொண்டு வா.

பிள்ளைகளே, எழுந்து நில்லுங்கள். ஒண்ணு?

(மூத்த மகள்: "இருக்கேன்.")

ரெண்டு?

("இருக்கேன்.")

மூணு, நாலு, அஞ்சு, ஆறு? சரி. ஏழு, நான் இருக்கேன்.

எட்டு?

(போனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ஒரு பெண்குரல்: "அப்பா இல்ல, பெரியப்பா. நாங்க இருக்கோம்.")